சாஃப்ட்வேர் கோடில் கையே வைக்கவில்லையே, பாதுகாப்பு ஓட்டை எப்படி வந்தது?

போன வாரமும் அதே கேள்வி. சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்று. ஆர்டர் சாஃப்ட்வேருக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள். போய் உட்கார்ந்ததும் மேலாளர் பதினான்கு மாதத்துக்கு முந்தைய பாதுகாப்பு ஆடிட் அறிக்கையை எடுத்து வைத்தார். "சார், ஒரு ஓட்டைகூட இல்லைன்னு இதுல போட்டிருக்கு. அதுக்கப்புறம் நாங்க கோடுல கையே வைக்கலையே?" இந்த வருடத்தில் இதைக் கேட்பது ஐந்தாவது முறை.

கை வைக்காததுதான் காரணம். ஆடிட் அறிக்கை சொல்வது இவ்வளவுதான்: இந்தத் தேதியில், இந்த வெர்ஷனில், அன்றுவரை தெரிந்திருந்த ஓட்டைகள் எங்கள் கண்ணில் படவில்லை. வண்டிக்கு எஃப்.சி. எடுத்தால்கூட அதில் தேதி பார்க்கிறோம். "இரும்புதான் துருப்பிடிக்கும், கோடு துருப்பிடிக்குமா?" என்பார்கள். பிடிக்காது. கோடு அப்படியே இருக்கும். அதைப் பற்றி ஊருக்குத் தெரிந்தது மாறிவிடும்.

ஜாவா மொழியில் எழுதிய மென்பொருள்கள் லாக் (உள்ளே நடப்பவற்றின் பதிவு) எழுதப் பயன்படுத்தும் லாக்ஃபோர்ஜே லைப்ரரியை (பிறர் எழுதி வைத்த தயார் கோடு) எடுத்துக்கொள்ளுங்கள். வினையான வசதி 2013-லேயே உள்ளே வந்துவிட்டது. வெளியே தெரிந்தது 2021 டிசம்பரில். எட்டு வருடமாக ஒவ்வொரு ஆடிட்டிலும் தேறி வந்த சர்வர்கள், ஓர் எழுத்துகூட மாறாமல், வெளியாள் அனுப்பும் ஒற்றை வரியால் கைப்பற்றப்படக்கூடியவை என்று அன்று தெரிந்தது. தீவிர மதிப்பெண் பத்துக்குப் பத்து.

"அதான் அப்பவே பேட்ச் போட்டாச்சே" என்பது அடுத்த பதில். ஓட்டையை அடைக்கும் திருத்தம்தான் பேட்ச். எந்தப் பேட்ச்? லாக்ஃபோர்ஜேயின் 2.15.0 வெர்ஷன் ஓட்டையை முழுதாக அடைக்கவில்லை. 2.16.0 வந்தது, அதிலும் சர்வரை முடக்கக்கூடிய குறை. பிறகு 2.17.0, அப்புறம் 2.17.1. எல்லாம் அதே டிசம்பருக்குள். வெர்ஷன் எண்ணைச் சொல்லாமல் "போட்டாச்சு" என்று மட்டும் சொன்னால் நான் ஏற்றுக்கொள்வதில்லை.

இந்த நிறுவனத்தில் நடந்தது இன்னும் வேதனை. இன்வாய்ஸ் தயாரிக்க யாரோ சேர்த்த லைப்ரரி, தன்னோடு இன்னொன்றை இழுத்து வந்திருக்கிறது. அதன் பெயர்கூட அங்கே யாருக்கும் தெரியாது. அதற்குப் பேட்ச் வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அமெரிக்காவின் ஈக்விஃபாக்ஸ் என்ற கடன் தகவல் நிறுவனம் பயன்படுத்திய ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளுக்குப் பேட்ச் 2017 மார்ச்சில் வந்தது, ஊடுருவல் மே மாதத்தில், சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் போயின. அங்கே இடைவெளி இரண்டே மாதம்.

புது வெர்ஷனில்தானே ஆபத்து என்று, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளின் விவகாரத்தைக் காட்டுபவர்களும் உண்டு. 2024-இல் அதன் 5.6.0, 5.6.1 இரண்டிலும் பின்வாசல் (வெளியாள் திருட்டுத்தனமாக நுழைய வைத்த வழி) இருந்தது உண்மைதான். ஆனால் அன்று பதறாமல் வேலை பார்த்தவர்கள், தங்களிடம் எந்த வெர்ஷன் ஓடுகிறது என்று உடனே சொல்ல முடிந்தவர்கள்.

அதனால் முதலில் உங்களிடம் உள்ள லைப்ரரிகளின் பட்டியல் எடுங்கள். நீங்கள் சேர்த்ததை மட்டுமல்ல, அது இழுத்து வந்ததையும். ஒவ்வொரு பில்டிலும் (கோடை ஓடும் மென்பொருளாக மாற்றும்போதெல்லாம்) பட்டியல் தானாகவே உருவாகட்டும். பில்ட் போடாத நாளிலும் அதை ஸ்கேன் செய்யுங்கள், தினமும். முந்நூறு வரி ஸ்கேன் அறிக்கையைப் பார்த்து மலைக்க வேண்டாம். நிஜமாகவே தாக்குதலில் பயன்படுபவை எவை என்று அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா வெளியிடும் பட்டியலோடு ஒப்பிட்டு, அந்த ஓட்டைகளை முதலில் அடைத்துவிடுங்கள். அப்டேட்டை வருடத்துக்கு ஒருமுறை மூட்டையாகக் கட்டாதீர்கள். அப்படிச் செய்தால் ஏதாவது உடையத்தான் செய்யும், அந்தப் பயத்தில் அடுத்த வருடமும் தள்ளிப்போடுவீர்கள். இதற்கென்று பொறுப்பாக ஒருவரை நியமியுங்கள். "டீம் பார்த்துக்கும்" என்றால் யாரும் பார்ப்பதில்லை.

இன்னொன்று, கெஞ்சிக் கேட்கிறேன். சம்பவம் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது 2022 முதல் இங்கே விதி. இவர்கள் எங்களைக் கூப்பிட்டதே மூன்றாம் நாள். அதற்குள் டிஸ்க் நிறைந்துவிட்டது என்று யாரோ லாக்குகளை அழித்திருந்தார்கள். எந்தெந்த வாடிக்கையாளரின் முகவரியும் போன் நம்பரும் போயின என்று எங்களால் சொல்ல முடியவில்லை.