மீட்டர் காட்டுற வாட்ட அப்படியே நம்பாதீங்க

எஃப்எம் டிரான்ஸ்மிட்டருக்கு பவர் ஆம்ப்ளிஃபயர் கட்றது ஒரு விதத்துல ஈசிதாங்க. எஃப்எம்ல சிக்னலோட உயரம் மாறாது, ஃப்ரீக்வென்சிதான் லேசா அப்படி இப்படி ஆடும், அதனால டிரான்சிஸ்டர் சிக்னல அச்சு அசலா காப்பி எடுக்கணும்னு அவசியமே இல்ல. அதான் கிளாஸ் சி. ஒவ்வொரு சைக்கிள்லயும் பாதிக்கும் கம்மியான நேரம்தான் டிரான்சிஸ்டர் ஆன்ல இருக்கும், ஊஞ்சல ஒரு தள்ளு தள்ளிட்டு கைய எடுத்துக்கிற மாதிரி, மீதி ஆட்டத்த காயிலும் கெப்பாசிட்டரும் பாத்துக்கும்.

காட்பாடில ரயில் ஏறி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போனா பார்ட்ஸ் கிடைச்சிரும், 2எஸ்சி1971ங்கிற பவர் டிரான்சிஸ்டர்ல மட்டும் டூப்ளிகேட் ஜாஸ்தி, பாத்து வாங்குங்க. காயில டிரில் பிட்டு மேல சுத்தி இழுத்து அமுக்கி ட்யூன் பண்ணிக்கலாம். ஆனா டெஸ்டிங்லதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க.

ஆன்டெனாவுக்கு பதிலா 50 ஓம் டம்மி லோடு போடணும், அதாவது சிக்னல வெளிய விடாம சூடா மாத்திடுற ரெசிஸ்டர். வெள்ளையா இருக்கிற சிமென்ட் ரெசிஸ்டர் வேணாம், உள்ள கம்பி சுத்தியிருக்கும், 100 மெகாஹெர்ட்ஸ்ல அது ரெசிஸ்டர் இல்ல, காயில். 1 கிலோ ஓம் ஃபிலிம் ரெசிஸ்டர் 20 எடுத்து பேரலல்ல, கால கட்டையா வெட்டி வச்சிருங்க, முடிஞ்சுது. ஒரு டையோடு, ஒரு கெப்பாசிட்டர் போட்டு பீக் வோல்டேஜ் பாருங்க, அத ஸ்கொயர் பண்ணி 100ஆல வகுத்தா வாட். 24 வோல்ட்னா கிட்டத்தட்ட 6 வாட்.

சத்துவாச்சாரி பையன் ஒருத்தன் "அண்ணே, 7 வாட் வருதுண்ணே"ன்னு குதிச்சான். சரிடா, டிரைவ, அதாவது உள்ள குடுக்குற சிக்னல கழட்டுன்னேன். கழட்டுனான், மீட்டர் எறங்கவே இல்ல! அது இல்லாமலே ஆம்ப்ளிஃபயர் தானாவே ஆசிலேட் ஆகிட்டிருக்கு, எந்த ஃப்ரீக்வென்சில கத்துதுன்னு அதுக்கே தெரியாது. டையோடுக்கு எல்லா வாட்டும் ஒண்ணுதான், 100ல வந்தாலும் அதோட மடங்குகளான 200, 300 மெகாஹெர்ட்ஸ் ஹார்மோனிக்ஸ்ல வந்தாலும் கூட்டி காட்டிரும். தானா ஆசிலேட் ஆகாம இருக்க டிரான்சிஸ்டர் பேஸ்ல ஃபெரைட் பீடு, சப்ளைல டீகப்ளிங் கெப்பாசிட்டர், ஹார்மோனிக்ஸ வடிகட்ட லோடுக்கு முன்னாடி லோ பாஸ் ஃபில்டர், இதெல்லாம் போட்ட பிறகு வர்ற ரீடிங்தான் ரீடிங்.

இது வெறும் சுத்தம் பாக்குற விஷயம் இல்லங்க. எஃப்எம் பேண்டு முடியுற 108 மெகாஹெர்ட்ஸ் தாண்டுன உடனே விமானங்களோட நேவிகேஷன் சிக்னல் ஆரம்பிக்குது. லைசென்ஸ் இல்லாம ஆன்டெனா மாட்டுறது சட்டப்படி குத்தம், ஹாம், அதாவது அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வச்சிருந்தாலும் இந்த பேண்டுல பேச முடியாது. சமுதாய வானொலி லைசென்ஸும் அமைப்புகளுக்குத்தான், தனி ஆளுக்கு கிடையாது. அதனால நம்ம வேலை டம்மி லோடோட நிக்கட்டும்.

அப்புறம் அம்மீட்டர், இத மறக்கவே மறக்காதீங்க. 12 வோல்ட்ல 0.75 ஆம்பியர் இழுத்து 6 வாட் குடுத்தா 3 வாட்தான் சூடா போகுது. ட்யூனிங் சரியில்லாம அதே 6 வாட்டுக்கு 1.2 ஆம்பியர் இழுத்தா சூடு மட்டும் 8.4 வாட். ஒரு வாட்டுக்கு 10 டிகிரி ஏறுற ஹீட் சிங்க்னு வைங்க, மே மாச வேலூர்ல சீட் போட்ட ரூம் 42 டிகிரின்னா முதல் கேஸ்ல 72, ரெண்டாவதுல 126. வாட் மீட்டர் ரெண்டுக்கும் ஒரே நம்பரத்தான் காட்டும்.