நேராக எறிந்த வட்டு ஏன் இடப்பக்கம் சாய்கிறது?

வலக்கைப் பழக்கமுள்ளவர் வழக்கமான முறையில், அதாவது இடத் தோளின் பக்கமிருந்து கையை இழுத்து, ஃபிரிஸ்பி போன்ற பிளாஸ்டிக் வட்டை நேராக எறிகிறார். முக்கால் தூரம் சொன்னபடி கேட்டுப் பறந்த வட்டு, வேகம் தணிந்ததும் இடப்பக்கமாகச் சாய்ந்து இறங்குகிறது. மறுபடி எறிந்தாலும் அதேதான். எறிந்தவர் தன் மணிக்கட்டைச் சந்தேகப்படத் தொடங்குகிறார். உண்மையில், அந்தக் கடைசிச் சாய்வு வட்டின் பிறவிக்குணம். டிஸ்க் கோல்ஃப் என்ற விளையாட்டே அந்தக் குணத்தை நம்பித்தான் நடக்கிறது.

விளையாட்டு எளிது. குழிக்குப் பதிலாகச் சங்கிலிகள் தொங்கும் ஒரு கூடை. பந்துக்குப் பதிலாக வட்டு. விழுந்த இடத்திலிருந்தே அடுத்த வீச்சு. குறைந்த வீச்சில் கூடையை அடைந்தவர் வென்றவர். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், ஓக் குரோவ் பூங்காவில் 1975இல் முதல் நிரந்தரக் களத்தை அமைத்தவர் எட் ஹெட்ரிக். சங்கிலிக் கூடையும் அவர் படைப்புதான். 2002இல் அவர் மறைந்தபின், அவருடைய அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து வட்டுகள் வார்த்தார்கள். அதுவே அவர் விருப்பமாம். பிடிவாதக்காரர்.

பெசன்ட் நகர் கடற்கரையில் அல்டிமேட் என்ற வட்டெறி அணி ஆட்டம் ஆடும் இளைஞர்களைப் பார்த்துப் பழகிய சென்னைவாசிகளுக்குப் பறக்கும் வட்டு புதிதல்ல. நாங்கள் ஆடும் களம் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு சவுக்குத் தோப்பு. ஆறே இலக்குகள். கூடை ஒன்றுதான்; மற்ற ஐந்தும் சிவப்புத் துணி கட்டிய மரங்கள். மரத்தில் பட்டால் கணக்கு முடிந்தது. மிக நீண்டதே எழுபது மீட்டர் வராது. களம் சிறியதென்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். தூரம் குறையக் குறைய, அந்தக் கடைசிச் சாய்வுதான் ஆட்டத்தைத் தீர்மானிக்கிறது.

வட்டு காற்றில் நிற்பதற்குக் காரணம் தூக்குவிசை. அந்த விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதுதான் எல்லா விளைவுகளுக்கும் வேர். 175 கிராம் எடையும் 21 சென்டிமீட்டர் விட்டமும் கொண்ட வட்டு மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, எதிர்வரும் காற்றுக்கு மிகச் சிறிய கோணம் காட்டினாலே தன் எடையைத் தாங்கிக்கொள்ளும். அதே வட்டின் வேகம் 36 கிலோமீட்டராக இறங்கினால், அதே கோணத்தில் தூக்குவிசை ஆறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும்; அதே எடையைத் தாங்க இன்னும் பெரிய கோணம் வேண்டும். அந்தக் கோணம் எங்கிருந்து வரும்? வட்டு கீழிறங்கத் தொடங்குவதால் வரும். தட்டையாகவே இருந்தாலும், இறங்கும் வட்டை நோக்கிக் காற்று சற்றுக் கீழிருந்து வருகிறது. ஆக, வேகம் குறையக் குறைய வட்டின் அடிப்பக்கம் காற்றுக்கு மேலும் மேலும் தெரிகிறது.

இங்கேதான் சுவாரசியமான பகுதி. தூக்குவிசை வட்டின் நடுமையத்தில்தான் செயல்படும் என்று கட்டாயமில்லை. வட்டு வேகமாகவும் தட்டையாகவும் பறக்கும்போது அந்த விசையின் மையம் நடுவுக்குச் சற்றுப் பின்னால் இருக்கிறது. பின்விளிம்பு மேலே தள்ளப்படுகிறது. கோணம் கூடியதும் மையம் முன்னால் நகர்கிறது, முன்விளிம்பு தூக்கப்படுகிறது. சுழலாத வட்டாக இருந்தால் உடனே மூக்கைத் தூக்கி மல்லாந்து விழுந்துவிடும்.

ஆனால் வட்டு சுழல்கிறது. நல்ல வீச்சில் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று வரை போகும். சுழலும் பொருளை ஓரிடத்தில் தள்ளினால் அதன் விளைவு அந்த இடத்தில் தெரியாது. சுழற்சியின் திசையில் கால் சுற்று தாண்டித்தான் தெரியும். சாய்ந்த பம்பரம் தரையில் விழாமல் தலையை வட்டமாக ஆட்டிக்கொண்டிருப்பதும் இதனால்தான். வலக்கையால் எறிந்த வட்டு மேலிருந்து பார்த்தால் கடிகாரத் திசையில் சுழலும். காற்று அதன் முன்விளிம்பைத் தூக்கினால், கால் சுற்று தாண்டி வலவிளிம்பு உயர்கிறது. வலம் உயர்ந்தால் இடம் தாழும். வட்டு இடப்பக்கம் சாய்ந்து திரும்புகிறது. தொடக்கத்தில், அதிவேகத்தில், பின்விளிம்பு தூக்கப்படும் நேரத்தில் நேர்மாறாக இடவிளிம்பு உயர்ந்து வட்டு வலப்பக்கம் போகப் பார்க்கும். வலுவான கையிலிருந்து கிளம்பும் வட்டு முதலில் வலம் சென்று, பிறகு இடம் திரும்பி, நீட்டிய ஆங்கில எஸ் போலப் பறப்பதன் ரகசியம் இவ்வளவுதான். இடக்கைக்காரருக்கு எல்லாம் தலைகீழ்.

வட்டு செய்பவர்கள் இந்தக் குணத்தை ஓரத்தின் வடிவத்தால் கட்டுப்படுத்துகிறார்கள். 1983இல் டேவ் டுனிபேஸ் என்பவர் ஓரத்தைச் சரிவாகச் சீவிய வட்டை வடிவமைத்தார். கூரான விளிம்பு காற்றை எளிதாகக் கிழித்தது. எடையின் பெரும்பகுதி விளிம்புக்குப் போனதால் சுழற்சியும் எளிதில் தளரவில்லை. இன்று கடையில் விற்கும் பெரும்பாலான வட்டுகளின் முகத்தில் நான்கு எண்கள் அச்சிட்டிருக்கும்: வேகம், மிதப்பு, தொடக்கத்தில் வலம் திரும்பும் போக்கு, கடைசியில் இடம் சாயும் போக்கு. டெஸ்ட்ராயர் என்ற புகழ்பெற்ற டிரைவருக்கு, அதாவது தொலைவீச்சு வட்டுக்கு, அவை 12, 5, −1, 3. ஏவியார் என்ற பட்டருக்கு, அதாவது கூடைக்கு அருகிலிருந்து எறியும் வட்டுக்கு, 2, 3, 0, 1.

புதிதாக வருபவர்கள் பெரிய எண்ணைப் பார்த்து டிரைவரைத்தான் வாங்குகிறார்கள். பணம் வீண் என்பேன். அந்த 12 என்பது வட்டு தரும் வேகம் அல்ல. வட்டு கேட்கும் வேகம். அதைக் கொடுக்க முடியாத கையில் டிரைவருக்கு முதல் மூன்று குணங்களும் இல்லாமல் போய், கடைசிச் சாய்வு மட்டும் மிஞ்சும். கிளம்பியதும் இடப்பக்கம் கவிழ்ந்து சவுக்குச் சருகுகளுக்குள் பாய்ந்துவிடும். எழுபது மீட்டர் களத்துக்கு ஒரு பட்டரே போதும். அது மெதுவாகவும் நேராகவும் போகும்.

கூடையைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் விளிம்பு தரையிலிருந்து ஏறக்குறைய 82 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். மேலே தொங்கும் சங்கிலிகள் அழகுக்காக அல்ல. மரத்தில் பட்ட வட்டு தன் வேகத்தில் ஒரு பகுதியோடு திரும்பி வருகிறது; தளர்வாகத் தொங்கும் சங்கிலியோ வட்டோடு சேர்ந்து பின்னால் நகர்ந்து, வளையத்தோடு வளையம் உரசி, அந்த ஆற்றலைச் சத்தமாகவும் வெப்பமாகவும் கரைத்துவிடுகிறது. அந்தச் சலங்கைச் சத்தம் வட்டின் வேகம் செலவாகும் சத்தம். அளவுக்கு மீறி எறிந்தால் இரண்டு சங்கிலிகளுக்கு நடுவே நுழைந்து மறுபக்கம் போய்விடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இனி சென்னைக்கே உரிய சிக்கல். வெயில் காலத்தில் காலையில் நிலத்திலிருந்து மேற்குக் காற்று வீசும். நண்பகல் தாண்டிக் கடற்காற்று உள்ளே நுழையும். புழுக்கமான காற்றைக் கனமான காற்று என்று நினைக்கத் தோன்றும். கணக்கு வேறு. 15 டிகிரியில் கன மீட்டருக்கு 1.225 கிலோ இருக்கும் கடல்மட்டக் காற்று, 35 டிகிரியில் 1.15 கிலோவுக்கு இறங்கிவிடுகிறது. நீராவி மூலக்கூறு நைட்ரஜனையும் ஆக்சிஜனையும்விட இலேசானது என்பதால் ஈரம் கூடினால் அடர்த்தி இன்னும் சற்றுக் குறையும். எனவே தூக்குவிசையும் இழுவிசையும் ஒருசேரக் குறைகின்றன. குறுகிய வீச்சில் இதைக் கை உணராது. காற்றின் வேகத்தை நன்றாகவே உணரும்.

எதிர்காற்றில் எறியப்பட்ட வட்டுக்குத் தான் வேகமாகப் பறப்பதாகவே தோன்றும், ஏனெனில் அதற்குத் தரை தெரியாது, காற்று மட்டுமே தெரியும். ஆகவே கடலை நோக்கி மாலையில் எறிந்தால் வட்டு உயர எழும்பி வலப்பக்கம் திரும்பப் பார்க்கும். பின்காற்றில் அது மெதுவாகப் பறப்பதாக உணர்ந்து, சீக்கிரமே இறங்கி இடம் சாயும்.

பக்கக்காற்று இன்னும் வேடிக்கை. எங்கள் நான்காவது இலக்கு தெற்கு நோக்கியது. இடக்கைப் பக்கம் கடல். தோப்பின் காவலாளிப் பெரியவர் ஒருநாள் சருகு கூட்டிக்கொண்டே சொன்னார்: "தம்பி, காலையில் உங்கள் தட்டு கடல் பக்கமாக ஓடிப்போகிறது. சாயங்காலம் அந்த மரத்துக்கு முன்னாலேயே சொத்தென்று விழுகிறது. கவனித்தீர்களா?" கவனித்திருக்கவில்லை. காரணம் சாய்வுதான். இடவிளிம்பு தாழ்ந்த வட்டு, மேற்கிலிருந்து வரும் காலைக் காற்றுக்குத் தன் அடிப்பக்கத்தைக் காட்டுகிறது. காற்று அதைத் தூக்கிக் கடல் பக்கம் கொண்டுபோகிறது. மாலையில் கிழக்கிலிருந்து வரும் காற்று அதே வட்டின் மேற்பக்கத்தில் மோதி அதைத் தரையை நோக்கி அழுத்துகிறது.

மாலைக்கு உரிய மருந்து, இடவிளிம்பைச் சற்று உயர்த்தி எறிவது. அப்போது கடற்காற்று அடிப்பக்கத்தில் பட்டு வட்டைத் தாங்கும். வேகம் தணிந்ததும் இயல்பான சாய்வு அதைத் தட்டையாக்கி மரத்தருகே இறக்கும். விளிம்பை அளவுக்கு மீறி உயர்த்தினால் அதே காற்று வட்டை வலப்பக்க மதிலுக்கு அப்பால் சேர்த்துவிடும். பக்கத்து மனைக்காரரிடம் போய்க் கேட்டு வாங்கி வர ஓர் இனிமையான பேச்சுக்காரரையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வது நல்லது.