பழைய பிளக்கைத் தூக்கிப் போடாதீர்கள்

"வண்டி மிஸ் அடிக்குது, பிளக்கை மாத்திடுங்க." பட்டறைக்கு வருகிறவர்களில் பலர் வியாதியையும் மருந்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார்கள். பிளக் என்றால் ஸ்பார்க் பிளக், சிலிண்டருக்குள் பொறி தட்டி பெட்ரோலைப் பற்றவைப்பது. கழற்றிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றால் சிலருக்கு முகம் மாறிவிடும்.

போன மழைக்காலத்தில் ஒருவர் பெட்ரோல் கார் கொண்டுவந்தார். சிக்னலில் நின்றால் உதறல், ஏற்றத்தில் பிக்கப் இல்லை. ஆறு மாதத்தில் இரண்டு இடங்களில் பிளக் மாற்றியாகிவிட்டது. மாற்றியதும் சில வாரம் நன்றாக ஓடும், அப்புறம் பழைய கதைதான்.

நான்கையும் கழற்றி, சிலிண்டர் வரிசை மாறாமல் துணியில் வைத்தேன். மூன்று பிளக்குகளின் முனை பிஸ்கட் நிறத்தில் இருந்தது, அது நல்ல அறிகுறி. மூன்றாம் சிலிண்டருடையது மட்டும் ஈரமாகக் கறுத்திருந்தது. மோந்து பார்த்தேன், பெட்ரோல் வாடை. அதாவது பெட்ரோல் உள்ளே போயிருக்கிறது, தீ பிடிக்கவில்லை. ஆயில் இருந்தது முனையில் அல்ல, மேலே வெள்ளைப் பீங்கானில். வால்வு கவரில் பிளக் குழிக்கான சீல் கசிந்து, குழிக்குள் ஆயில் தேங்கி, பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலின் ரப்பர் ஊறிப் போயிருந்தது. மின்சாரம் முனைக்கு வராமல் பக்கவாட்டிலேயே பாய்ந்து ஓடிவிட்டது. சீல், ரப்பர், ஒரே ஒரு பிளக். மற்ற மூன்றையும் திரும்பப் போட்டுவிட்டேன்.

முனையிலேயே ஆயில் பிசுபிசுப்பு இருந்திருந்தால் அது வேறு கதை. பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கும், செலவும் பெரிது. காய்ந்த கரிப்பொடி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. நான் முதலில் பார்ப்பது ஏர் ஃபில்டரை. தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடி, என்ஜின் சூடாவதற்குள் அணைக்கப்படும் வண்டியிலும் இந்தக் கரி வரும். முனை வெள்ளை வெளேரென்று கொப்புளித்திருந்தால்தான் எனக்குக் கவலை. என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறது, அல்லது யாரோ தவறான ஹீட் ரேஞ்ச் (முனையின் சூட்டைக் கடத்தும் அளவு) பிளக்கைப் போட்டிருக்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை: என்ஜிகே கம்பெனி பிளக்கில் எண் கூடினால் சூட்டை வேகமாகக் கடத்தும் 'கோல்டு' வகை, பாஷ் கம்பெனி பிளக்கில் எண் கூடினால் நேர் எதிர். நம்பரை மட்டும் பார்த்து வாங்கினால் மாட்டிக்கொள்வீர்கள்.

எந்தக் கோளாறும் இல்லாமலும் பிளக் தேயும். ஒவ்வொரு பொறிக்கும் எலக்ட்ரோடு துளித்துளியாகக் கரைய, 1 மி.மீ. அளவில் இருந்த இடைவெளி விரியும். விரிந்த இடைவெளியைத் தாண்டக் கூடுதல் வோல்ட் வேண்டும். அந்தச் சுமை காயில் தலையில் விழும். பொறி தவறினால், எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் எரிந்து அதையும் கெடுக்கும். பிளக் விலையோடு அதன் விலையை ஒப்பிட்டுப் பார்க்கவே மனம் வராது. சாதாரண நிக்கல் பிளக் 30,000, 40,000 கி.மீ. வரை தாங்கும், இரிடியம் பெரும்பாலும் 80,000-க்கு மேல். உங்கள் வண்டி மேனுவலில் உள்ள கணக்கே இறுதி. சிஎன்ஜி வண்டிக்கு இன்னும் முன்னதாகவே பாருங்கள், அந்த வாயுவில் பொறி உண்டாக வோல்ட் அதிகம் தேவை. டீசல்காரர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை, அங்கே ஸ்பார்க் பிளக் கிடையாது.

இரிடியம் முனையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்க வேண்டாம். நூலிழை மாதிரி இருக்கும், ஒடிந்துவிடும்.

நீங்களே மாற்றுவதானால் என்ஜின் நன்றாக ஆறியிருக்கட்டும். கழற்றும் முன் குழியில் காற்றடித்து மண்ணை வெளியேற்றுங்கள், இல்லையென்றால் அது நேராக சிலிண்டருக்குள் போகும். புதிய பிளக்கைக் கையாலேயே திருகி இறக்குங்கள். இரண்டு சுற்றிலேயே முரண்டு பிடித்தால் மரை சரியாக விழவில்லை, கழற்றி மறுபடி போடுங்கள். வாஷர் உள்ள புது பிளக் என்றால், கை இறுக்கத்துக்குப் பிறகு ஸ்பேனரில் அரைச் சுற்று, கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். வாஷர் இல்லாத கூம்பு வகைக்குப் பதினாறில் ஒரு சுற்றே போதும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் மேனுவலில் உள்ள அளவை வைத்துக்கொள்ளுங்கள். பிளக் திருகப்படும் என்ஜின் ஹெட் அலுமினியம். பலத்தைக் காட்டினால் மரை போய்விடும், அப்புறம் ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்ப வேண்டி வரலாம்.

பட்டறையில் மாற்றினால், பழைய நான்கையும் சிலிண்டர் வரிசைப்படி கேட்டு வாங்கிப் பாருங்கள்.