கொடி லேட்டா ஏறுதுன்னு கத்துறதுக்கு முன்னாடி

ஃபுட்பால் ரெஃப்ரீயா மேட்ச் நடத்தப் போனா எங்க காதுல அதிகமா விழுறது "ரெஃப், ஆஃப்சைடு!" தான். கத்துறவங்கள்ல நிறைய பேர் பந்து வந்து சேர்ற நேரத்துல ஆள் எங்க நிக்கிறான்னு பாத்துட்டு கத்துறாங்க, நாங்க பாக்குறது கூட ஆடுறவன் கால்ல பந்து படுற அந்த நொடிய. நல்ல ஸ்ட்ரைக்கர் அந்த நொடில டிஃபெண்டரோட ஒரே லைன்ல இருப்பான், பந்து வர்றதுக்குள்ள மூணு மீட்டர் தாண்டிடுவான். ஒரே லைன்னா ஆஃப்சைடு கிடையாது, 1990லயே விதி மாறிடுச்சு. எதிரணி பாதிக்குள்ள, பந்தையும் கடைசில இருந்து ரெண்டாவது எதிராளியையும் தாண்டி தலையோ உடம்போ காலோ இருந்தாத்தான் அது ஆஃப்சைடு இடம், கை கணக்குல வராது. கோல் கிக், த்ரோ-இன், கார்னர் மூணுலயும் நேரா வாங்குனா ஆஃப்சைடே இல்ல.

ஆனா அந்த இடத்துல நிக்கிறது மட்டும் தப்பில்லங்க. ஆஃப்சைடுன்னா கொடி தூக்குற உதவி ரெஃப்ரீயா நான் லைன்ல நின்ன ஒரு மேட்ச்ல ஸ்ட்ரைக்கர் தெளிவா ஆஃப்சைடு இடத்துல இருக்கான், பாஸ் அவன் பக்கமா வருது, ரெண்டு அடி வச்சிட்டு அப்படியே நின்னுட்டான், பாஸ் கிளம்பும்போது சரியான இடத்துல இருந்த விங்கர் பின்னாடி இருந்து பாஞ்சு வந்து பந்த எடுத்துட்டுப் போய் கோல் போட்டுட்டான். முதல் ஆள் பந்தத் தொடல, கீப்பர் பார்வைய மறைக்கல, யாரோடயும் மல்லுக்கு நிக்கல. கொடி கீழயேதான் இருந்துச்சு. நான் அவசரப்பட்டு தூக்கியிருந்தா நல்ல கோல் ஒண்ணு போயிருக்கும், அதுக்காகத்தான் ரெண்டு செகண்ட் காத்திருக்கோம், தூங்கிட்டு இல்ல. அதே ஸ்ட்ரைக்கர் அங்கயே நின்னு, இன்னொருத்தன் அடிச்ச ஷாட் போஸ்ட்லயோ கீப்பர் தடுத்தோ திரும்பி வந்தத தட்டி விட்டா அது ஆஃப்சைடுதான். டிஃபெண்டர் வேணும்னே ஆடின பந்து வந்தா இல்ல, சும்மா பட்டு திரும்பினா ஆஃப்சைடு. இது ரெண்டையும் பிரிக்கிறதுதான் எங்க வேலைலயே கஷ்டமானது.

ஆட்டத்த திரும்ப ஆரம்பிக்கிறதுல வர்ற குழப்பத்த யாரும் பேசுறதே இல்ல. நான் விசில் அடிச்சதும் லைன்ல இருக்குறவர் மேல தூக்கின கொடிய இறக்கி இடத்தக் காட்டுவார், அந்தப் பக்கம்னா சரிவா மேல, நடுவுலன்னா நேரா, அவர் பக்கம்னா கீழ. குடுக்குறது இன்டைரக்ட் ஃப்ரீ கிக், அதாவது இன்னொருத்தர் மேல படாம நேரா கோல் போட முடியாத கிக், அத ரெஃப்ரீ கைய மேல தூக்கிக் காட்டணும். ஆள் எங்க நின்னான்னு இல்ல, ஆட்டத்துல எங்க தலையிட்டான்னு பாத்துதான் பந்த வைக்கணும். 2016ல இருந்து அது அவனோட சொந்த பாதிக்குள்ளயும் இருக்கலாம், இதச் சொன்னா இன்னைக்கும் கோச்சுங்க சண்டைக்கு வர்றாங்க.

நான் புதுசா விசில் எடுத்த காலத்துல அப்படித்தான் ஒண்ணு நடந்துச்சு. ஆஃப்சைடுல இருந்த ஸ்ட்ரைக்கர் தன் பாதிக்கே ஓடி வந்து பந்த வாங்கினான், விசில் அடிச்சேன், இடத்தக் காட்டினேன், ஆனா கைய மேல தூக்க மறந்துட்டேன். கீப்பர் கோல விட்டு முன்னாடி வந்து நிக்கிறதப் பாத்து எதிரணி ஆள் தூரத்துல இருந்தே தூக்கி அடிச்சான், யார் மேலயும் படாம நேரா வலைக்குள்ள. நான் கை தூக்கியிருந்தா அது கோல் இல்ல, கோல் கிக்தான், சிக்கல் இல்ல. தூக்காததால திரும்ப அடிக்கச் சொல்லணும், கோல்னு குதிச்ச பசங்க மூஞ்ச நேரா பாத்து அதச் சொன்னது இன்னும் மனசுல இருக்கு. அன்னைல இருந்து இன்னொருத்தர் மேல பந்து படுற வரைக்கும் கைய இறக்குறதே இல்ல.

டிஃபெண்டர் தம்பிங்களா, கொடி ஏறினாலும் ஆட்டம் நிக்கல, ரெஃப்ரீ கொடிய ஏத்துக்காம விடலாம். கைய தூக்கிட்டு லைன பாத்து நிக்காதீங்க, விசில் சத்தம் கேக்குற வரைக்கும் ஓடுங்க.