ஒருமுறைகூட மூளை அதிர்ச்சி பதிவாகாத லைன்பேக்கர்

மூன்று பேரின் மூளைத் திசுக்கள். எது யாருடையது என்ற குறிப்பு எதுவும் இல்லை. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் அவற்றை வெளியிலிருந்து அழைத்த நரம்பு நோயியல் நிபுணர்களிடம் கொடுத்து, ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்றது. அதில் ஒரு மூளையைப் பற்றி எல்லோரும் சொன்ன முடிவு ஒன்றுதான்: திரும்பத் திரும்பத் தலையில் அடிபட்டவர்களுக்கு வரும், சி.டி.இ. என்ற சிதைவு நோயின் தடயங்கள் இதில் இருக்கின்றன. 2013 ஜனவரியில் அந்த முடிவு வெளியானது. அந்த மூளை ஜூனியர் சேயாவ் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரருடையது. அதற்கு முந்தைய ஆண்டு மே 2ஆம் தேதி, கலிஃபோர்னியாவின் ஓஷன்சைடு ஊரில் தன் வீட்டில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 43.

என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக்கில் பெரும்பாலான வீரர்களுக்கு நாலைந்து ஆண்டுகள் தாக்குப்பிடிப்பதே பெரிய காரியம். சேயாவ் 20 பருவங்கள் ஆடினார். இத்தனைக்கும், லீக் வாராவாரம் வெளியிடும் காயப் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே "மூளை அதிர்ச்சி", அதாவது தலையில் விழும் அடியால் மூளை சற்று நேரம் தடுமாறும் கன்கஷன், என்று ஒருமுறைகூட எழுதப்படவில்லை. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் உறுத்துவது இதுதான். யாரும் கவனிக்காத ஒரு காயம் 20 ஆண்டுகளாக எப்படிச் சேர்ந்தது?

முதலில் அவர் செய்த வேலையைப் பார்ப்போம். அமெரிக்கக் கால்பந்தில் பந்து வைத்திருக்கும் அணிக்கு, 10 கஜம் முன்னேற நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். தடுக்கும் அணியின் 11 பேர் மூன்று அடுக்காக நிற்பார்கள். முன் அடுக்கில் இருப்பவர்கள் எதிரணியின் பெரும் உடம்புக்காரர்களோடு கைக்கெட்டும் தூரத்தில் நின்று முட்டித் தள்ளுவார்கள். கடைசி அடுக்கு தூரத்தில் நின்று, வீசப்படும் பந்தைக் காக்கும். நடுவில் நிற்பவர்தான் லைன்பேக்கர். பந்து எந்தப் பக்கம் போகிறது என்று ஊகித்து, நாலைந்து அடி வேகமெடுத்து ஓடி, பந்தோடு வருபவரை மோதிச் சாய்க்கவேண்டும். கபடியில் ரெய்டரை மடக்குவது போல என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இங்கே வருகிறவரும் முழு வேகத்தில், தோளைத் தாழ்த்திக்கொண்டு வருவார். இருவர் வேகமும் ஒன்றோடொன்று சேரும். ஒரு பந்தயத்தில் தடுக்கும் அணிக்கு இப்படி அறுபது எழுபது முறை ஆட்டம் தொடங்கி முடியும். வார நாட்களின் பயிற்சி தனி.

சேயாவ் இந்த வேலைக்கென்றே வார்த்தது போன்ற உடம்புக்காரர். சமோவா வம்சாவளிக் குடும்பம். ஆறடி மூன்றங்குல உயரம். சுமார் 113 கிலோ எடை. 1990இல் அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுத்தபோது, சான் டியேகோ சார்ஜர்ஸ் அணி அவரை ஐந்தாவது தேர்வாக எடுத்தது. 1991 தொடங்கி தொடர்ந்து 12 ஆண்டுகள், சிறந்த வீரர்கள் மட்டுமே ஆடும் புரோ பவுல் ஆட்டத்துக்குத் தேர்வானார். பயிற்சியாளர் வகுத்த இடத்தில் நிற்காமல், எதிரணி பந்தை எடுக்கும் கணத்தை ஊகித்து இடைவெளியில் பாய்ந்துவிடுவது அவர் பாணி. ஊகம் தவறினால் அணிக்கு ஆபத்து. பலித்தால் எதிராளி பந்தோடு நிமிரும் முன்னே கீழே கிடப்பார். 268 பந்தயங்கள், பந்தோடு வந்தவரைச் சாய்த்த டேக்கிள்கள் 1,500க்கும் மேல், பந்து வீசவிருந்தவரையே வீழ்த்திய கணக்கில் 56க்கும் மேல் என்று அவர் ஏடு நீளும்.

1995 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கில் நடந்த ஓர் ஆட்டத்தைத் தனியாகச் சொல்லவேண்டும். வென்றால் சூப்பர் பவுல் என்ற இறுதிப் போட்டிக்குப் போகலாம் என்ற நிலை. சேயாவின் கழுத்தில் ஒரு நரம்பு அழுந்தியிருந்தது. அந்த வலியோடு 16 டேக்கிள் செய்தார். சார்ஜர்ஸ் 17–13 என்று வென்றது. அது அவருடைய மிகச் சிறந்த ஆட்டம் என்று இன்றும் பேசுகிறார்கள். கழுத்து நரம்பு வலித்தது, எல்லோருக்கும் தெரிந்தது. மூளைத் திசுவுக்கோ வலியை உணரும் நரம்பு முனைகளே கிடையாது.

சரி, ஒரு மோதலில் தலைக்கு என்ன ஆகிறது? சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். நொடிக்கு 5 மீட்டர், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் போகும் தலை, ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிடுகிறது என்போம். அந்த வேகத்தடையின் அளவு புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல சுமார் 50 மடங்கு. நிற்க எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கொஞ்சம் நீட்டினால் இந்த எண் இறங்கும். ஹெல்மெட்டின் உள்மெத்தை செய்வது இதைத்தான். நேரம் ஒன்றரை மடங்கானால் 50 என்பது சுமார் 33ஆகக் குறையும். ஹெல்மெட்டின் கெட்டி ஓடு, அடியை ஒரே புள்ளியில் இறங்கவிடாமல் பரப்பிவிடும். மண்டை ஓடு உடையாமல் இருக்க இது போதும். 1905 பருவத்தில் மட்டும் குறைந்தது 18 பேர் இந்த ஆட்டத்தால் இறந்து, அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் தலையிடும் அளவுக்குப் போனதை நினைத்தால், ஹெல்மெட் காப்பாற்றிய உயிர்கள் ஏராளம். என்.எஃப்.எல். 1943இல் அதைக் கட்டாயமாக்கியது.

ஆனால் அதற்கு எட்டாத இடம் ஒன்று உண்டு. மண்டைக்குள் மூளை, நீரில் மிதக்கும் நுங்கு போல இருக்கிறது. சுமார் 1.4 கிலோ, கைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழும் அளவுக்கு மென்மை. தலை சட்டென்று நின்றாலும் உள்ளே இருப்பது உடனே நிற்காது. அதைவிட மோசம், தலை திரும்புவது. பெரும்பாலான அடிகள் நேர் நடுவில் விழுவதில்லை. தாடையோரம், நெற்றிப் பக்கவாட்டு என்று சாய்வாகவே விழும். அப்போது கழுத்தை அச்சாக வைத்துத் தலை சுழல்கிறது. மூளையின் வெளிப்பகுதி மண்டையோடு திரும்ப, உட்பகுதி சற்றுப் பின்தங்க, இடையில் உள்ள திசு முறுக்கி இழுபடுகிறது. இந்த முறுக்கலுக்கு ஹெல்மெட் மெத்தை பெரிதாக ஒன்றும் செய்யமுடியாது. போதாக்குறைக்கு, தலை பத்திரம் என்ற நம்பிக்கையில் வீரர்கள் தலையையே முன்னே நீட்டி மோதப் பழகினார்கள். பள்ளி, கல்லூரி ஆட்டங்களில் 1976இல் அதைத் தடை செய்யவேண்டி வந்தது.

இழுபடுவது எது? நரம்பணுக்களின் நீண்ட இழைகள். பரோட்டா மாவை நிதானமாக இழுத்தால் நீளும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்துபோகும். அதே மாவு, அதே தூரம், வேகம்தான் வேறு. நரம்பிழையும் அப்படித்தான். நாம் தலையைத் திருப்பும்போதெல்லாம் அது கொஞ்சம் நீண்டு பழைய நிலைக்கு வரும். ஆயிரத்தில் சில பங்கு நொடியில் இழுத்தால் உள்ளே இருக்கும் அமைப்பு நொறுங்கும்.

ஒவ்வொரு இழைக்குள்ளும் தண்டவாளம் போல நுண்குழாய்கள் ஓடுகின்றன. அணுவின் மையத்தில் தயாராகும் சரக்கு அவற்றின் வழியேதான் இழையின் கடைக்கோடிக்குப் போகிறது. தண்டவாளத்தை விலகாமல் பிடித்துக்கொள்ள குறுக்கே கட்டைகள் கிடக்குமே, அந்த வேலையைச் செய்வது டௌ என்னும் புரதம். வெடுக்கென்ற இழுப்பில் நுண்குழாய் முறியும்போது டௌ கழன்றுவிடுகிறது. கழன்றதில் பாஸ்பேட் துணுக்குகள் அளவுக்கு மீறி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அது பழைய வேலைக்குத் திரும்பாது. ஒன்றோடொன்று பிணைந்து அணுவுக்குள் முடிச்சு முடிச்சாகத் தேங்கும். இந்தக் கெட்டுப்போன டௌ பக்கத்து அணுக்களுக்கும் பரவக்கூடும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆடுவதை நிறுத்திப் பல ஆண்டுகள் கழித்தும் நோய் முற்றுவது ஏன் என்பதற்கு இதை ஒரு விளக்கமாகச் சொல்கிறார்கள்.

முடிச்சுகள் முதலில் எங்கே வருகின்றன என்பதுதான் இந்த நோயின் கைரேகை. மூளையின் மேற்பரப்பு மடிப்பு மடிப்பாக இருக்கும். அந்த மடிப்புகளின் அடிப்பள்ளத்தில், சின்ன ரத்தக் குழாய்களைச் சுற்றித்தான் டௌ முதலில் சேர்கிறது. நாள்கணக்கில் பெட்டிக்குள் கிடந்த பட்டுப்புடவை மடிப்பில்தான் முதலில் விடும், அல்லவா? அதேபோல முறுக்கும் விசை மடிப்பின் அடியில் குவிகிறது என்று கணினி மாதிரிகள் காட்டுகின்றன. அல்சைமர் நோயிலும் டௌ முடிச்சுகள் உண்டு. ஆனால் அவை பரவியிருக்கும் விதம் வேறு. சேயாவின் மூளையைப் பெயர் தெரியாமலே நிபுணர்கள் அடையாளம் காண முடிந்தது இதனால்தான்.

மயங்கி விழும் அளவுக்கு அடி விழுந்தால்தான் இதெல்லாம் நடக்கும் என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். ஆனால் மயக்கம் வராத அடியிலும் நரம்பணுவின் சுவரில் கசிவு ஏற்பட்டு பொட்டாசியம் வெளியே போகும், கால்சியம் உள்ளே வரும். அதைச் சரிக்கட்ட அணு அவசர அவசரமாகச் சர்க்கரையை எரிக்கும். அதே நேரம் ரத்த ஓட்டம் குறைந்திருக்கும். வீரருக்குத் தலை லேசாகக் கிறுகிறுக்கலாம், அல்லது ஒன்றுமே தெரியாமலும் போகலாம். ஸ்கேன் எடுத்தாலும் பெரும்பாலும் எல்லாம் சரியாகவே தெரியும். அந்த நிலையில் அடுத்த அடி விழுந்தால் பாதிப்பு கூடும். லைன்பேக்கருக்கு அடுத்த அடி நாற்பது நொடியில் காத்திருக்கிறது.

இந்த நோயைப் பற்றி முதலில் பேசியவர்கள் குத்துச்சண்டையைப் பார்த்தவர்கள். 1928இல் ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற மருத்துவர், தள்ளாடும் நடையும் குழப்பமுமாய்த் திரிந்த குத்துச்சண்டைக்காரர்களைப் பற்றி எழுதினார். கால்பந்துக்கும் அதற்கும் முடிச்சுப் போட இன்னும் முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. 2002இல் பிட்ஸ்பர்க்கில் பென்னட் ஒமாலு என்ற நைஜீரிய மருத்துவர், மைக் வெப்ஸ்டர் என்ற முன்னாள் வீரரின் மூளையை ஆராய்ந்து டௌ முடிச்சுகளைக் கண்டார். 2005இல் அது ஆய்வுக் கட்டுரையாக வந்தபோது, என்.எஃப்.எல். அமைத்திருந்த குழுவின் மருத்துவர்கள் அதைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். 2011இல் டேவ் டூயர்சன் இறந்தார். அவரும் தடுப்பாட்டக்காரர்தான், சிகாகோ பேர்ஸ் அணியின் பின் அடுக்கில் ஆடியவர். தன் மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுக்கும்படி எழுதிவைத்துவிட்டுப் போனார். ஓய்வுபெற்ற வீரர்களின் உடல்நலக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் குழுவில் அவர் உறுப்பினராக இருந்தவர் என்பது தெரிந்தபோது எனக்கு மனம் கனத்துப்போனது. அந்த மூளையைப் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆன் மக்கீ என்ற நரம்பு நோயியல் நிபுணரின் குழு பார்த்தது. டூயர்சனுக்கும் அதே நோய்.

அந்தக் குழு 2017இல் வெளியிட்ட எண் உலகெங்கும் பரவியது: என்.எஃப்.எல். வீரர்கள் 111 பேரின் மூளைகளில் 110இல் நோய். இதைப் படிக்கும்போது நிதானம் வேண்டும். அப்பாவோ கணவரோ மாறிப்போனதைக் கண்ட குடும்பங்கள்தான் பெரும்பாலும் மூளையைத் தானம் செய்கின்றன. ஆகவே நூற்றுக்கு 99 வீரர்களுக்கு நோய் வரும் என்று இதற்குப் பொருள் இல்லை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது பின்னால் வந்த இரண்டு ஆய்வுகள். 2019இல் வந்தது, கூடுதலாக ஆடும் ஒவ்வோர் ஆண்டும் நோய்க்கான வாய்ப்பைச் சுமார் 30 சதவீதம் உயர்த்துகிறது என்றது. 2023இல் வந்தது இன்னும் கூர்மையானது. 631 பேரின் மூளைகளை வைத்துக்கொண்டு, ஹெல்மெட்டுக்குள் பொருத்திய உணர்கருவிகளின் அளவுகளிலிருந்து ஒவ்வொருவர் தலையும் வாழ்நாளில் வாங்கிய மொத்த விசையைக் கணித்தார்கள். நோயோடு பொருந்திப்போனது அந்த மொத்த விசைதான். மருத்துவர் கண்டறிந்த மூளை அதிர்ச்சிகளின் எண்ணிக்கை பொருந்தவில்லை. மூளை அதிர்ச்சியே இல்லாத சேயாவின் காயப் பட்டியல் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அவருடைய கடைசி ஆண்டுகளில் தூக்கமின்மை, மறதி, திடீர்க் கோபம், பணத்தைச் சூதில் விடுவது என்று வீட்டார் பல மாற்றங்களைக் கண்டார்கள். அதற்கெல்லாம் டௌ முடிச்சுகள்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல அறிவியலால் இன்னும் முடியாது. ஒரு தற்கொலைக்கு ஒரே காரணம் தேடுவதும் தவறு. உயிரோடு இருப்பவரிடம் இந்த நோயை உறுதிசெய்யும் பரிசோதனை இதுவரை இல்லை என்பதால், அவர் எதிரில் உட்கார்ந்திருந்த எந்த மருத்துவரும் அதைப் பெயர் சொல்லி அழைத்திருக்க முடியாது.

மொத்த விசைதான் கணக்கு என்றால், குறைக்கவேண்டியதும் அதுதான். 2011இல் வீரர் சங்கம் லீக்கோடு செய்த ஒப்பந்தம், பருவம் முழுவதற்கும் முழுக் கவசத்தோடு மோதும் பயிற்சிகளை 14க்குள் கட்டுப்படுத்தியது. 2016 மார்ச்சில் என்.எஃப்.எல். அதிகாரி ஒருவர் அமெரிக்க நாடாளுமன்றக் கூட்டத்தில், ஆட்டத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு என்று முதல்முறையாக ஒப்புக்கொண்டார். 2022இல் ஹெல்மெட்டுக்கு மேல் மாட்டும் மெத்தைத் தொப்பியைப் பருவத்துக்கு முந்தைய பயிற்சிகளில் கட்டாயமாக்கினார்கள். எல்லோருக்கும் அல்ல, அடிகள் அதிகம் சேரும் சில இடங்களில் ஆடுபவர்களுக்கு மட்டும். அந்தப் பட்டியலில் லைன்பேக்கர் இருந்தார். சேயாவ் கடைசியாகக் களமிறங்கியது 2009 பருவத்தில்.