பீஜ் நிறம் எப்போது உயர்வாகத் தெரிகிறது?

சிவப்புச் சட்டை மலிவானதா, விலை கூடியதா என்று நாலடி தள்ளி நின்று சொல்வது கடினம். பீஜ், அதாவது மணல் போன்ற வெளிர்பழுப்பு நிறச் சட்டையில் அது உடனே தெரிந்துவிடும். க்ரீம், பீஜ், சந்தனம், சாம்பல் கலந்த பழுப்பு எனச் சில ஆண்டுகளாக உடையிலும் வீட்டு அலங்காரத்திலும் மென்னிறங்கள்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆண்டுக்கொரு நிறத்தை அறிவிக்கும் பான்டோன் நிறுவனம் 2025ஆம் ஆண்டுக்குத் தேர்ந்த 'மோக்கா மூஸ்' கூட ஓர் இளம்பழுப்புதான். இந்த நிறங்களைக் குறைந்த செலவில் எடுப்பாகக் காட்ட முடியும். அதற்கு முதலில் நம் கண் எதைக் கவனிக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

சாம்பலுக்குப் பக்கத்தில் உள்ள நிறங்களில்தான் கண் மிகக் கறாராக வேறுபாடு பார்க்கிறது. சாயத் தொழிலில் இதற்குக் கணக்கே உண்டு. சி.ஐ.இ.94 என்ற நிறவேறுபாட்டுச் சூத்திரம், இரண்டு துணிகளின் நிறச்செறிவு வேறுபாட்டை ஓர் எண்ணால் வகுக்கிறது. செறிவே இல்லாத சாம்பலுக்கு அந்த எண் 1. செறிவு 50 உள்ள அடர்நிறத்துக்கு 3.25. எண் பெரிதானால், அதே வேறுபாடு சிறிதாகவே கணக்கில் வரும். அடர்சிவப்பில் கண் பொறுத்துக்கொள்ளும் பிசகு, மென்னிறத்தில் பளிச்சென்று தெரிவது இதனால்தான்.

அந்தப் பிசகு பெரும்பாலும் அடிநிறத்தில் இருக்கும். எந்த பீஜும் கொஞ்சம் மஞ்சள் பக்கமோ, இளஞ்சிவப்பு பக்கமோ, பச்சை பக்கமோ சாய்ந்திருக்கும். தனியாகப் பார்த்தால் தெரியாது; ஜோடி சேர்த்தால் தெரியும். பாரிஸின் கோப்லின் நெசவாலையில் சாயப் பிரிவை நடத்திய வேதியியலாளர் செவ்ரூலிடம், கறுப்புச் சாயம் சோகையாக இருக்கிறது என்று புகார் வந்தது. சோதித்துப் பார்த்தார், சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் நெய்திருந்த நிறங்களே கறுப்பை மங்கலாகக் காட்டின. அடுத்தடுத்த நிறங்கள் ஒன்றையொன்று எதிர்த்திசையில் தள்ளும் இந்த விளைவை 1839இல் நூலாகவே எழுதினார். மஞ்சள் சாய்ந்த மேல்சட்டைக்குக் கீழே இளஞ்சிவப்பு சாய்ந்த கால்சட்டை போட்டால், சட்டை அழுக்கேறியதுபோலத் தெரிவதும் இதே விளைவுதான். ஒரே சாய்வில் வெளிர், நடுத்தரம், அடர்த்தி என்று அடுக்குங்கள். இல்லையென்றால், வேண்டுமென்றே செய்ததாகத் தெரியும் அளவுக்கு விலக்கி வையுங்கள். இடைப்பட்ட நிலைதான் ஆகாது.

என்னைக் கேட்டால், நிறத்தைவிட நெசவைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். ஒரு பீஜ் துணி, தன்மேல் விழும் சிவப்பு ஒளியில் 70 சதவீதத்தையும் நீல ஒளியில் 50 சதவீதத்தையும் திருப்பி அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். வழவழப்பான பரப்பில் ஒளி ஒருமுறை மோதித் திரும்பும். சிவப்புக்கும் நீலத்துக்கும் உள்ள விகிதம் 1.4. ரிப் நிட், கார்டுராய், சொரசொரப்பான லினன் போன்றவற்றில் மேடும் பள்ளமும் இருப்பதால், பள்ளத்தில் விழுந்த ஒளி இன்னொரு முறை மோதியே வெளியே வருகிறது. இப்போது சிவப்பு 49 (70இல் 70 சதவீதம்), நீலம் 25 (50இல் 50 சதவீதம்). விகிதம் ஏறக்குறைய 2. அதே சாயம்தான், ஆனால் பள்ளங்களில் நிறம் ஆழ்ந்து, மேடுகளில் வெளிறி, ஒரே துணிக்குள் பல சாயல்கள் பிறக்கின்றன. வழவழப்பான பாலியெஸ்டரில் நடப்பது இதற்கு நேரெதிர். மேல்பரப்பிலேயே சுமார் 4 சதவீத ஒளி, சாயத்தைத் தொடாமல் விளக்கின் நிறத்திலேயே ஒரே திசையில் தெறிக்கிறது. மென்னிறத்தை அந்த வெள்ளைப் பளபளப்பு மூடிவிடுகிறது. பாலியெஸ்டரே ஆகாது என்று இதற்குப் பொருளில்லை: டைட்டானியம் டையாக்சைடு கலந்து பளபளப்பைக் குறைத்த நூலில், மேடுபள்ளமாக நெய்த பாலியெஸ்டர் நன்றாகவே இருக்கும். வாங்கும்போது துணியை விளக்குக்குச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். வெள்ளைக் கோடு ஓடினால் வைத்துவிடுங்கள்.

வீட்டுத் திரைச்சீலையோ மெத்தை உறையோ என்றால், பல்பை மாற்றுவதுதான் இருப்பதிலேயே மலிவான வழி. வெவ்வேறு சாயங்களால் ஆன இரு பீஜ்கள் பகல் வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிந்து, எல்இடி வெளிச்சத்தில் பிரிந்துபோவதுண்டு. கண்ணில் மூன்று வகை நிற உணர்வணுக்களே இருப்பதால், வெவ்வேறு ஒளிக்கலவைகளும் ஒரே நிறமாகத் தெரியலாம். விளக்கு மாறினால் அந்தப் பொருத்தம் குலைகிறது. பல்பு அட்டையில் சிஆர்ஐ என்ற எண்ணைப் பாருங்கள்; அந்த வெளிச்சம் நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதன் அளவு அது. உச்சம் 100, பல எல்இடிகள் 80ஐ ஒட்டியே இருக்கும். அவற்றில் அடர்சிவப்பு அலைகள் குறைவு என்பதால் பீஜின் இதமான பக்கம் செத்துவிடும். சிஆர்ஐ 90க்கு மேலும், ஒளியின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் எண் 2700 முதல் 3000 வரையும் (இதமான மஞ்சள் ஒளி) இருந்தால் நல்லது.

துவைப்பதிலும் ஒரு கவனம் வேண்டும். பல சலவைத்தூள்களில் வெண்மையூட்டிகள் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை உறிஞ்சி, நீல ஒளியாக வெளியிடுவது இவற்றின் வேலை. வெள்ளைத் துணிக்கு அது அழகு. க்ரீம் துணியிலோ அந்த நீலம் மஞ்சளைத் தின்று, இழை நைவதற்கு முன்பே நிறத்தை மாற்றிவிடும். வெண்மையூட்டி இல்லாத திரவ சோப்பில், ஜோடியாக அணியும் துணிகளைச் சேர்த்தே துவையுங்கள். நிறம் மாறினாலும் இரண்டும் ஓரளவு சேர்ந்தே மாறும்.