கூரை மழைநீர்: சட்டம் கேட்பதும் நாம் செய்ய வேண்டியதும்

தமிழ்நாட்டின் நகர்ப்புறக் கட்டிடங்களில் மழைநீர் சேகரிப்பு அமைப்பு 2003-ஆம் ஆண்டு அவசரச் சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டது. புதிய வீடுகளோடு நில்லாமல், ஏற்கெனவே கட்டி முடித்த வீடுகளும் அதற்குள் கொண்டுவரப்பட்டன. அமைக்கத் தவறினால், உரிமையாளருக்கு அறிவிப்பு கொடுத்துவிட்டு உள்ளாட்சி அமைப்பே அதைக் கட்டி, செலவைச் சொத்துவரி போல வசூலிக்கவும், குடிநீர் இணைப்பைத் துண்டிக்கவும் அச்சட்டம் வகை செய்தது. 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகளும் இந்த நிபந்தனையை வைத்திருக்கின்றன.

ஆனால் அமைப்பு இருக்கிறதா என்பதைத்தான் ஆய்வாளர் பார்க்க முடியும். அதில் இறங்கும் நீர் சுத்தமானதா என்பது வீட்டில் இருப்பவர்களின் கையில்தான் இருக்கிறது. இதை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை என்பது என் கருத்து.

ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் விழும். அப்படியானால் 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் 20 மில்லிமீட்டர் மழைக்கு 2,000 லிட்டர் விழுகிறது. தளம் உறிஞ்சுவதும் சிதறுவதும் போக அதில் பெரும்பகுதியைப் பிடித்துவிடலாம். மழையின் தொடக்கத்தில் வரும் நீரில் தூசி, பறவை எச்சம், இலைச் சருகு ஆகியவை கலந்திருக்கும் என்பதால், முதல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மழையின் நீரை, அதாவது இதே மாடிக்குச் சுமார் 100 முதல் 200 லிட்டரை, தனிக் குழாயும் வால்வும் வைத்து வெளியேற்றிவிட வேண்டும். அதன் பிறகு வரும் நீரை, கூழாங்கல், ஜல்லி, மணல் அடுக்கிய வடிகட்டித் தொட்டி வழியாகத் தரைத்தொட்டிக்கோ கிணற்றுக்கோ விடலாம். ஆழ்துளைக் கிணற்றுக்குள் விடுவதாக இருந்தால் வடிகட்டாமல் ஒருபோதும் விடக்கூடாது. மண்ணில் ஊறிச் சுத்தமாகும் வாய்ப்பே இல்லாமல் அந்த அழுக்கு நேரே நிலத்தடி நீரில் கலந்துவிடும்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஈயம் கலந்த வண்ணம் பூசிய கூரை ஆகியவற்றிலிருந்து வரும் நீரைக் குடிக்கப் பயன்படுத்த வேண்டாம். மற்றக் கூரைகளின் நீரையும் கொதிக்க வைத்தோ குளோரின் இட்டோதான் குடிக்க வேண்டும். சேமிக்கும் தொட்டியை வெளிச்சமும் கொசுவும் புகாதபடி மூடி வைக்க வேண்டும். குளியலறை, கழிவறைக் குழாய்களை இந்த அமைப்போடு இணைக்கவே கூடாது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதால், மாடியைப் பெருக்குவது, குழாய் வாயில் வலையைச் சரிபார்ப்பது, வடிகட்டி மணலை அலசுவது அல்லது மாற்றுவது ஆகியவற்றைச் செப்டம்பருக்குள் முடித்துவிட வேண்டும்.